பள்ளிக்கூடத்தில் இசை: கீபோர்டா, பறையா, பாட்டு வகுப்பா?

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆறு முதல் எட்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு பீரியட் ஒதுக்கத் தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். இனி என்ன செய்வது? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். கீபோர்டு வாங்கி ஒரு அறையில் வரிசையாக வைக்கலாம் என்பார் ஒருவர். வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தை வரவழைத்து, விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு நடத்தலாம் என்பார் இன்னொருவர். இளம் ஆசிரியர் யாராவது பறைக் குழு தொடங்கலாம் என்பார். பாட்டு டீச்சர் ஒருவரை வேலைக்கு வைக்கலாம் என்ற யோசனை எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சம் தயக்கத்தோடு வரும்.

பள்ளிகளில் பாட்டு சொல்லிக்கொடுத்தே இத்தனை காலம் ஓட்டியவள் நான். இந்த நாலு வழியையும் நான் ஒரே ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் அளப்பேன். அந்தப் பிள்ளையை வீட்டில் யாரும் பாட்டு வகுப்பில் சேர்க்கப்போவதில்லை. தனக்குக் குரல் வராது என்று அது தானாகவே முடிவுகட்டிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து இசை அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கேள்வி. மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியும் வேறொரு வாசல் இருக்கும்.

ஒப்பிடும் முன் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். இசை படித்தால் கணக்கில் மார்க் கூடும், மூளை வளரும் என்று சொல்லித்தான் பயிற்சி நிறுவனங்கள் பள்ளிக்கு வருகின்றன. இந்தப் பேச்சின் வேர் 1993-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. கல்லூரி மாணவர்கள் 36 பேர் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒருவகைச் சோதனையில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வந்தது. அந்தப் பலன் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதிலிருந்து கிளம்பியதுதான் குழந்தைகளுக்கு மொசார்ட் குறுந்தகடு வாங்கும் மோகம். பின்னர் 2004-இல் கனடாவில் ஷெலன்பெர்க் என்பவர் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து ஒழுங்காக ஒரு சோதனை நடத்தினார். கீபோர்டும் பாட்டும் படித்த பிள்ளைகளுக்கு நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சில புள்ளி கூடியது. நாடகம் படித்தவர்களுக்கோ பிறரோடு பழகும் விதம் மேம்பட்டது. அப்புறம் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2020-இல் சாலா, கோபே என்ற இருவர் அலசியபோது, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் அந்தச் சில புள்ளிகளும் கிட்டத்தட்டக் காணாமல் போயின. ஆகவே கணக்கு மார்க்குக்காக இசையைக் கொண்டுவராதீர்கள். அடுத்த ஆண்டு மார்க் ஏறாதபோது முதலில் வெட்டப்படுவது இசை வகுப்பாகத்தான் இருக்கும். பிள்ளைகள் தமிழ் படிப்பதும் ஓவியம் வரைவதும் ஓடியாடுவதும் எதற்காகவோ, அதற்காகவே இசையும் படிக்கலாம். அது தனக்கே உரிய ஒரு அறிவு. இன்னொரு பாடத்துக்குப் பணிவிடை செய்ய வந்ததல்ல.

கீபோர்டு அறையைப் பார்ப்போம். அதற்குள்ள கவர்ச்சி எனக்குப் புரிகிறது. பார்வைக்கு அழகாக இருக்கும், திறப்பு விழா வைக்கலாம், கொடுத்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதலாம். கற்கத் தொடங்கும் பிள்ளைக்கும் ஒரு பெரிய வசதி உண்டு: கட்டையை அழுத்தினால் சுரம் சுத்தமாக வந்துவிடும். வயலினில் வருடக்கணக்கில் தேடும் சுரத்தானம் இங்கே முதல் நாளே கையில் கிடைக்கிறது. மேற்கத்திய இசைக்குறிப்பும் படிக்க வரும். மேலே தேர்வு எழுதி லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு சான்றிதழ் வாங்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல பாதைதான்.

ஆனால் ஒரு பீரியட் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 61 கட்டையுள்ள தொடக்கநிலைக் கீபோர்டு பத்தாயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. ஒரு லட்சத்துக்குப் பத்து வரும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு கீபோர்டுக்கு நாலு பேர் என்றால், நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளையின் கை கட்டையில் படுவது பத்து நிமிடம். உட்கார்ந்து, அடாப்டர் சொருகி, ஹெட்ஃபோன் மாற்றி முடிப்பதற்குள் அதிலும் பாதி போய்விடும். மீதி நேரம் மூன்று பேர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் கீபோர்டு இருக்கும் பிள்ளை ஒரு மாதத்தில் முந்திவிடும். இல்லாத பிள்ளை அடுத்த வாரம் வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போதாததற்கு, நம் பாட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப்போகும் அசைவு இருக்கிறதே, அந்தக் கமகத்தைக் கட்டை தராது. கீபோர்டில் மட்டும் இசை பழகிய பிள்ளைக்கு, கமகமே உயிரான தோடி ராகம் ஒரு புதிராகவே இருக்கும். இன்னொரு உண்மை: கீபோர்டு வாங்கிய பிறகும் ஆசிரியர் வேண்டும். மொத்தப் பணத்தையும் கருவியில் போட்டுவிட்டுச் சம்பளத்துக்கு வழியில்லாமல் பூட்டிக் கிடக்கும் அறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாலை வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்குச் செலவில்லை, பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள், நிறுவனம் ஆளை அனுப்புகிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் பல நேரம் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கட்டணம் கட்டுகிற இருபது பிள்ளைகளுக்கு அந்த நிறுவனம் தெருமுனையிலேயே வகுப்பு நடத்தலாம். கிராமத்துப் பேருந்தைப் பிடிக்க நாலரைக்கே ஓடும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. பள்ளியின் அறையும் பெயரும் மட்டும் பயன்படுகின்றன. பள்ளி இசை கற்பிக்கிறது என்று அதைச் சொல்ல முடியாது. நன்கொடைப் பணத்தை இதில் போடவே கூடாது என்பது என் கருத்து.

பறையைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். ஒரு கருவியாக மட்டும் எடுத்துக்கொண்டால் வகுப்பறைக்கு இவ்வளவு பொருத்தமான வாத்தியம் வேறு கிடையாது. பத்துக் கீபோர்டின் விலைக்கு இருபத்தைந்து, முப்பது பறை வாங்கிவிடலாம். மின்சாரம் வேண்டாம். இடக்கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. முதல் நாளிலேயே எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஓர் அடியை வாசித்துவிட முடியும். தோளில் மாட்டிக்கொண்டு நின்று ஆடியபடி வாசிப்பதால் உடம்பே தாளத்தைக் கற்றுக்கொள்கிறது. சப்பரத்தடி, மருளடி, ஒத்தையடி என்று பல அடிகள் இருக்கின்றன; எளியதிலிருந்து தொடங்கினால் அவையே ஒரு பாடத்திட்டம் மாதிரி அமைந்துவிடும். மாட்டுத்தோலைத் தீயில் காய்ச்சி இறுக்கும் வேலைக்குப் பள்ளியில் வசதி இல்லையென்றால், ஃபைபர் போர்த்திய பறைகளும் இப்போது கிடைக்கின்றன. நாதம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

சிக்கல் வெளியே இருக்கிறது. சாவு வீட்டு வாத்தியம் என்று சொல்லி ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்த கருவி இது. "எங்க பிள்ளைக்கு அது வேணாம் டீச்சர், வேற எதாவது சொல்லிக்கொடுங்க" என்று சில பெற்றோர் வந்து நிற்பார்கள். அது எதிர்பார்த்ததுதான். மறுபக்கத்திலிருந்து வரும் மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பறையடிக்கும் வீட்டிலிருந்து வந்த ஒரு தகப்பனார், "இதை விட்டு வெளியே வரணும்னுதானே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று பள்ளி அறிவித்தால் கடைசியில் அந்தத் தெருப் பிள்ளைகள் மட்டும் பறையோடு நிற்பார்கள். பழைய ஏற்பாடு பள்ளிச் சீருடையில் திரும்பி வந்துவிடும். அதனால் என் முடிவு கறாரானது: வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் முறைவைத்துப் பறையை எடுக்க வேண்டும். தலைமையாசிரியருக்கு அந்தத் துணிவு இல்லையென்றால் பறைக் குழுவைத் தொடங்காமல் இருப்பதே மேல். அந்தத் துணிவு இருந்தால் இதைவிட நல்ல பாடம் பள்ளியில் வேறெதுவும் இருக்க முடியாது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது; திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல காலமாக மேடைகளில் பறை வாசித்துவருகிறார்கள். தயங்கும் பெற்றோரிடம் பேசும்போது இவையெல்லாம் கைகொடுக்கும். நடைமுறையில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சத்தம். பக்கத்து வகுப்பில் பாடம் நடக்கும்போது முப்பது பறை ஒலிக்க முடியாது. மைதானத்தின் கோடியில் ஒரு மரத்தடி வேண்டும், இல்லையென்றால் கடைசி பீரியட் வேண்டும்.

இனிப் பாட்டு டீச்சர். ஒரு லட்சத்துக்குப் பத்துக் கீபோர்டு என்றேன் அல்லவா? அதே பணத்தில் மாதம் பத்தாயிரம் வீதம் பத்து மாதத்துக்கு ஒரு பகுதிநேர ஆசிரியரை வைக்கலாம். கீபோர்டு அடுத்த ஆண்டும் இருக்கும், சம்பளம் தீர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். சரிதான். அதனால்தான் ஒரே தடவையாக ஒரு லட்சம் தருகிறவர்களிடம், பலகையில் பெயர் போடுவதற்குப் பதிலாக மூன்று ஆண்டுக்கு ஒரு ஏற்பாடு செய்து தரக் கேட்க வேண்டும். குரலுக்கு விலை கிடையாது. நாற்பது பிள்ளைக்கும் நாற்பது வாத்தியம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பேருந்தில் பழகலாம்.

ஆனால் பாட்டு வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டால் போதாது. மோசமாக நடக்கும் பாட்டு வகுப்பு பிள்ளைகளை ஆயுளுக்கும் வாயடைத்துவிடும். முதல் விஷயம் சுருதி. ஆண் ஆசிரியர் தன் குரலுக்கு ஏற்றபடி ஒரு கட்டையில் (கட்டை என்பது இங்கே சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) சுருதிப்பெட்டியை வைத்துப் பாடத் தொடங்குவார். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கீழே இறங்கினால் குரல் எட்டாது; மேல் ஸ்தாயியில் பிடித்தால் உச்சத்துக்குப் போகும்போது கத்தல்தான் வரும். ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றி வைத்தால் அதே பிள்ளைகள் சிரமமில்லாமல் பாடுவார்கள். குரல் சரியில்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சுருதிதான் சரியில்லை.

இரண்டாவது, ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை. எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆண்டு விழா நெருங்கியதும், "நீ சும்மா வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடுவார்கள். இதைவிடக் கொடுமையான ஒரு வாக்கியத்தை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை. உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் காது இல்லாமல் இல்லை. தன் குரலும் மற்றவர் குரலும் ஒன்றாகச் சேரும் அனுபவம் அதற்கு ஒரு தடவைகூட வாய்த்ததில்லை. அதனால் பிள்ளையை நம் சுருதிக்கு இழுக்காமல், அது பிடித்திருக்கும் சுரத்துக்கு நாம் போக வேண்டும். "நீ பாடு கண்ணு, நாங்க உன்னோட சேர்ந்துக்குறோம்" என்று சொல்லி, மொத்த வகுப்பையும் அந்தச் சுரத்தில் சேர்ந்து நிற்கவைப்பேன். தன் குரலோடு நாற்பது குரல் வந்து சேரும்போது பிள்ளையின் முகமே மாறும். அங்கிருந்து அரைச் சுரம் மேலே, மறுபடி அரைச் சுரம். சில வாரத்தில் அது நகரத் தொடங்கிவிடும். எந்தக் கருவியும் இதைச் செய்யாது. ஒரு ஆள் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாவது, என்ன பாடுவது? கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் மூன்று வேகத்தில் பாடவைப்பது குருவும் நாலைந்து சீடர்களும் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கும் முறைக்கு ஏற்றது. நாற்பது பேர் அதைச் சேர்ந்து பாடினால் இரண்டாவது வாரமே வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவதே எனக்குப் பிடித்த வழி. தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, மோகன ராகத்தில், திஸ்ர நடையில், 55 வினாடியில் பாட வேண்டும் என்று அரசாணையிலேயே சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் பாடுகிற அந்தப் பாட்டில் ஐந்தே சுரம்: ச, ரி, க, ப, த. பாட்டின் ஒரு வரியைச் சொற்களில்லாமல் சுரமாகப் பாடிக்காட்டுங்கள். தொடையில் மூன்று மூன்றாகத் தட்டச் சொல்லுங்கள். தாங்கள் இத்தனை நாளும் ஒரு ராகத்தைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வரும் பீரியட் அது. அங்கிருந்து கும்மி, தெம்மாங்கு, பாரதி பாடல்கள் என்று போகலாம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பக்திப் பாடல்களை மட்டுமே வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். தேவாரப் பண்களை இசையின் வரலாறாகச் சொல்லிக் கேட்கவைப்பது வேறு, எல்லாரையும் பாடச் சொல்வது வேறு.

பாட்டு வகுப்பின் பலவீனமும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடையும். நேற்று வரை பாடியவன் இன்று வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அந்த வயதில் பாட்டு மட்டும் இருந்தால் பையன்களில் பாதியை இழந்துவிடுவோம். இங்கேதான் பறை வந்து காப்பாற்றுகிறது. அதனால் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாமல், ஆறாம் வகுப்பில் பாட்டு, ஏழிலிருந்து பாட்டும் பறையும் என்று வைப்பதே என் பரிந்துரை. முதல் ஆண்டுப் பணம் முழுக்க ஆசிரியருக்கு. அடுத்த நன்கொடையில் பறை. கீபோர்டு ஒன்றே ஒன்று, அதுவும் டீச்சர் மேசைக்கு.

இதையெல்லாம் பள்ளிகள் தங்கள் கைக்காசில் செய்ய வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு ஆதங்கம்தான். இலங்கையில் 6 முதல் 9 வரை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இசை, நடனம், சித்திரம், நாடகம் ஆகிய அழகியல் பாடங்களில் ஒன்றை எடுத்தாக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் கர்நாடக சங்கீதத்தை அப்படிப் படிக்கிறார்கள், விரும்பினால் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பொதுப் பரீட்சையிலும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியர்களை உருவாக்கப் பல்கலைக்கழகத்திலேயே இராமநாதன் நுண்கலைக் கழகம் இருந்துவந்திருக்கிறது. பரீட்சைக்காக ராக லட்சணத்தை மனப்பாடம் செய்யும் நோய் அங்கேயும் உண்டுதான். ஆனாலும் நேரப்பட்டியலில் இசை இருக்கிறது, அதற்குப் பாடநூல் இருக்கிறது, படித்த ஆசிரியர் இருக்கிறார். தமிழ்நாட்டில் 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை எல்லாம் சேர்த்து, வாரம் மூன்று அரை நாள், தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவந்திருக்கிறார்கள். 2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல முயற்சி, மேடை ஏறும் பிள்ளைகளைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் போட்டி வருவதற்கு முன்னால் வகுப்பு வர வேண்டும்.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு: கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின் என்று மூன்றாண்டு படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளில் படித்தவர்களும் உண்டு. பக்கத்து இசைப்பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

வந்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கீர்த்தனை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பீரியட் எடுக்கச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள். பிள்ளைகளுக்காகச் சுருதியை மாற்றினாரா? நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் பாடிய நேரம் அதிகமா, அவர் பாடிய நேரமா? சுருதி சேராத பிள்ளை ஒன்று இருந்திருக்குமே, அதை என்ன செய்தார்? இந்த மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் சான்றிதழ் சுமாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த பிறகு, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கணக்கு ஆசிரியர் வந்து பாட்டு பீரியடைக் கடனாகக் கேட்பார். கொடுக்க மாட்டோம் என்பதைத் தலைமையாசிரியர் ஜூனிலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். நேரப்பட்டியலை மே மாதத்தில் போடுவார்கள். இதைப் பேசுவதற்குச் சரியான கூட்டம் ஏப்ரலில் நடப்பது.